வரோவா பேரும் மாறிச்சு, அட்லஸ் பேரும் மாறிச்சு, இதெல்லாம் யாருக்க இஷ்டத்துக்கு?

திருவட்டார்மாடி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாட்டு கேக்கேன், பொறுத்துக்கிடுங்க. அப்பாவுக்கு அருமனை பக்கம் ரப்பர் விளையில தேன்பெட்டி உண்டு, முக்காவாசியும் அடுக்குத்தேனீதான், ரெண்டு வருசமாட்டு பத்துப் பெட்டி இத்தாலியன் தேனீயும் வச்சுப் பாக்காரு. போன ஞாயிறு இத்தாலியன் பெட்டியில அடையத் தூக்கிப் பாத்தப்ப ஒரு ஈக்க முதுகுல செம்பு நெறத்துல பொட்டு மாதிரி ஒரு உண்ணி. அப்பா உள்ள போயி பழைய டிரெயினிங் நோட்ட எடுத்துட்டு வந்து 'வரோவா ஜேக்கப்சோனி'ன்னு வாசிச்சுக் காட்டுனாரு, அடிக்கோடு வேற போட்டு வச்சிருக்காரு. நான் போன்ல தேடுனா எங்க பாத்தாலும் 'வரோவா டெஸ்ட்ரக்டர்'. நோட்டு தப்பா நெட்டு தப்பான்னு வீட்டுல ஒரு சண்ட.

இதோட முடிஞ்சா பரவால்ல. நான் ராத்திரி மொட்டமாடியில வெள்ளத் துணி கெட்டி பல்பு போட்டு அந்துப்பூச்சி படம் எடுக்குற ஆளு (வீட்டுல இதுக்கும் ஏச்சுதான்). அதே வாரம் ரெண்டு கையும் விரிச்சு வச்ச மாதிரி பெருசா ஒண்ணு வந்து துணியில ஒக்காந்துது, றெக்க நுனியில பாம்புத்தல மாதிரி இருக்குமே, அது. அட்டாகஸ் அட்லஸ்னு போட்டேன், ஒருத்தரு வந்து 'இது அட்டாகஸ் டாப்ரோபானிஸ்'னு திருத்திட்டுப் போயிட்டாரு, ஏன்னு ஒரு வரி எழுதல. ஹாம்ப்சனுக்க பழைய அந்துப்பூச்சி புக்கு பிடிஎஃப் வச்சு நான் போட்ட லிஸ்ட்டுல பாதிப் பேரு இப்ப செல்லாதாம், ஆர்க்டிடேங்குற குடும்பமே இல்லியாம். கூடவே 'ஸ்பீசிஸ் குரூப்' 'காம்ப்ளக்ஸ்'னு வேற சொல்லுகாங்க. இத மாத்துறது யாரு, எதுக்கு மாத்துகாங்க, நான் நோட்டுல எதைத்தான் எழுத?

நாஞ்சில்வயல்:

மக்கா, இந்த வெப்ராளம் எனக்கு நாப்பது வருசமாட்டு உண்டு. நான் படிக்கும்போ நெல்லு குருத்துப்பூச்சிக்கு ட்ரைப்போரைசா இன்செர்டுலஸ்னு எழுதுனாதான் மார்க்கு, இப்ப எனக்க மக படிக்கா, அவளுக்கு ஸ்கிர்போஃபேகா இன்செர்டுலஸ். காய்ப்புழுவுக்கு எங்க காலத்துல ஹீலியோதிஸ், இப்ப ஹெலிகோவெர்பா. புகையிலப்புழுவுக்கு புரோடீனியா, இப்ப ஸ்போடோப்டெரா, ஆனா எங்கூரு மருந்துக்கடையில இன்னும் புரோடீனியான்னு கேட்டாதான் எடுத்துத் தருவான், ஸ்போடோப்டெரான்னா அது புது மருந்தான்னு கேப்பான். பூச்சி என்னவோ அதே பூச்சி, கன்னிப்பூ சாகுபடியிலயும் வருது கும்பப்பூ சாகுபடியிலயும் வருது, கதிரு வெளுத்துதான் நிக்குது. பேர மாத்துனவன் வந்து ஒரு நாத்து நட்டுத் தந்தானா?

கோவமாட்டு சொல்லல, நெசமாவே கேக்கேன். பேரு மாறுனா வயல்ல என்ன மாறுது? மருந்து மாறுமா? மாறும்னா சொல்லுங்க, நானும் ஒத்துக்கிடுகேன்.

நாலுகால்பேன்:

அண்ணாச்சி கேள்விக்கும் சேத்தே பதில் சொல்லுகேன். நான் பேனு, உண்ணி, சிலந்திப்பேன் இதுல ஆராய்ச்சி பண்ணுன ஆளு, ஊரு தக்கலை பக்கம், இப்ப வெளியூர்ல.

முதல்ல தம்பிக்க வீட்டுச் சண்டைக்கு வருவோம். அப்பா எழுதுனது அவரு எழுதுன காலத்துக்குச் சரி. வரோவா ஜேக்கப்சோனின்னு பேரு வச்சது 1904-ல, ஜாவாவுல, அடுக்குத்தேனீ மேல இருந்த உண்ணிக்கு. அப்புறம் இத்தாலியன் ஈய ஆசியாவுக்குக் கொண்டு வந்தாவ, அடுக்குத்தேனீல இருந்து அதுக்கு உண்ணி தாவிச்சு, பெட்டிகளோடயே உலகம் பூரா போச்சு, கூட்டம் கூட்டமா அழிச்சுது. எல்லாத்துக்கும் ஜேக்கப்சோனின்னே எழுதிட்டு வந்தாவ. ஆனா ஒரு இடத்துல மட்டும் கணக்கு இடிச்சுட்டே இருந்துது: ஜாவாவுல இருக்க உண்ணி இத்தாலியன் பெட்டிக்குள்ள போனாலும் குஞ்சு பொரிக்கல. ஒரே ஜாதின்னா (ஸ்பீசிஸத்தான் சொல்லுகேன்) அங்க மட்டும் ஏன் மலடு?

2000-ல ஆண்டர்சனும் ட்ரூமனும் பல நாட்டு உண்ணிகளோட டிஎன்ஏ பாத்து, உடம்பு அளவும் எடுத்து, ஒரே பேருக்குள்ள குறைஞ்சது ரெண்டு ஜாதி இருக்குன்னு காட்டுனாங்க. ஜாவா, மலேசியா பக்கத்து சின்ன உண்ணிக்குப் பழைய பேரு நின்னுது. இத்தாலியன் ஈய நாசம் பண்ணுனதுக்குப் புதுப்பேரு, டெஸ்ட்ரக்டர். அகலம் சுமார் 1.7 மி.மீ, ஜேக்கப்சோனி 1.5. கண்ணால பிரிக்க முடியாது, மைக்ரோஸ்கோப்புல அளந்தா தெரியும். டெஸ்ட்ரக்டர்லயும் எல்லாம் ஒண்ணுபோல இல்ல, அப்போ பாத்ததுல கொரியா வகை, ஜப்பான் வகை ரெண்டும்தான் இத்தாலியன்ல பெருகுனது. எனக்கு அதுல பிடிச்ச சங்கதி என்னன்னா பிலிப்பைன்ஸ் உண்ணி சிலத ரெண்டுலயும் சேக்காம, இன்னும் பாக்கணும்னு அப்படியே விட்டுட்டாவ. தெரியாதத தெரியாதுன்னு விடத் தெரிஞ்சவன் செஞ்ச வேலைய நம்பலாம்.

ஆக 2000-க்கு முந்தி இத்தாலியன் ஈ பத்தி எழுதுன எதுலயும் ஜேக்கப்சோனின்னு வந்தா டெஸ்ட்ரக்டர்னு வாசிச்சுக்கிடுங்க. இதுலயும் ஒரு வால் உண்டு, 2008-ல பப்புவா நியூகினியில நெசமான ஜேக்கப்சோனியே இத்தாலியன்ல பெருக ஆரம்பிச்சுட்டு. பேரப் பிரிக்காம இருந்திருந்தா அது புதுசா ஒண்ணு தாவுனதுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப அண்ணாச்சி, மருந்து மாறுமான்னு கேட்டீகல்லா. இத்தாலியன் பெட்டியில வரோவா மட்டுமில்ல, ட்ரோப்பிலேலாப்ஸ்னு இன்னொண்ணும் வரும், அது பெருந்தேனீல இருந்து வர்றது. 1961-ல பிலிப்பைன்ஸ்ல இருந்து கிளாரியேன்னு பேரு வச்சாவ, ஆசியா முழுக்க அதே பேரு ஓடிச்சு. 2007-ல மறுபடி பிரிச்சுப் பாத்தா நாலு ஜாதி. நம்ம கண்டத்துல இத்தாலியன்ல இருக்கது மெர்சிடெசே, கிளாரியே அந்தப் பக்கத்தோட நின்னுட்டு. இந்த வகை உண்ணியால வளந்த ஈயக் கடிச்சுக் குடிக்கவே முடியாது, புழு இல்லாட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துப்போகும், அதனால ராணிய கொஞ்ச நாள் அடைச்சு வச்சு புழு இல்லாம பண்ணுனாலே அடங்கும். வரோவா அப்படி இல்ல, வளந்த ஈ மேலயே நாள்கணக்கா ஒட்டிட்டு இருந்துட்டு அடுத்த புழுவுக்குக் காத்திருக்கும். ரெண்டையும் 'சிவப்பு உண்ணி'ன்னு ஒரே பேருல கூப்பிட்டா வைத்தியம் பாதி தப்பிப்போவும்.

சில நேரம் தலகீழாவும் நடக்கும். நம்ம மரச்சீனி இலைக்கு அடியில செவப்பா வலை பின்னிட்டு இருக்குமே செம்பேன், அத டெட்ரானிக்கஸ் சின்னபாரினஸ்னு தனியா எழுதுனாவ, பச்சையா இருக்கத அர்டிகேன்னு எழுதுனாவ. ரெண்டும் வேறயா ஒண்ணான்னு எத்தனையோ வருசம் சண்ட. 2013-ல ஆண் பேனுக்க உறுப்பையும் பாத்து டிஎன்ஏவும் பாத்து ரெண்டும் ஒரே ஜாதியோட ரெண்டு நெறம்னு ஒண்ணாக்கிட்டாவ. 1836-ல வச்ச அர்டிகே மூத்த பேரு, அது நின்னுது.

ஸ்பீசிஸ் குரூப்னா என்னன்னு கேட்டல்லா. மட்டி வாழை மாதிரின்னு வச்சுக்கோ. செம்மட்டியும் தேன்மட்டியும் வேற வேற, ஆனா நேந்திரனையும் கூட வச்சுப் பாத்தா ரெண்டும் மட்டிதான்னு சொல்லுவோம்லா. (வாழை விஷயம் வேற, ஒப்புக்குச் சொல்லுகேன்.) ஒரு பேரினத்துல அம்பது ஜாதி இருந்தா, நெருங்குன சொந்தமா தெரியுறதுகள ஒரு கட்டா கட்டி வச்சுக்கிட்டா வேலை லேசு. அது சட்டப்படி ஒரு படிநிலை இல்ல, வேலை செய்றவன் தன் வசதிக்குப் போட்ட கட்டு. காம்ப்ளக்ஸ்னா இன்னும் குழப்பம், வெளிய பாத்தா ஒண்ணுபோல இருக்கும், உள்ள எத்தனை ஜாதின்னு முடிவாகல. டெட்ரானிக்கஸ்ல கட்டு பிரிக்கதே ஆணுக்க உறுப்பு வளைவ வச்சுதான், பொட்டப் பேனு மட்டும் கெடச்சா நானே கைய விரிச்சிருவேன்.

தேன்பெட்டிஅக்கா:

நாலுகால் தம்பி சொன்னதுல தேன்காரி நானும் கொஞ்சம் சேத்துக்கிடுகேன். மார்த்தாண்டம் பக்கத்துல எங்க மாமனாரு காலத்துல இருந்தே பெட்டி. அப்பவும் அடுக்குத்தேனீல இந்த உண்ணி உண்டு, ஆனா யாரும் கண்டுக்கிட்டதில்ல, ஏன்னா அது ஆண் புழு அறையிலதான் குஞ்சு பொரிக்கும், வேலைக்காரி ஈ ஒண்ணையொண்ணு தட்டித் தட்டி உண்ணியக் கடிச்சுத் தள்ளிரும். 1991-92-ல எங்க பெட்டியெல்லாம் காலியானது உண்ணியால இல்ல, தாய் சேக்ப்ரூட்னு வைரஸ். புழு தண்ணிப்பை மாதிரி தலை தூக்கிட்டு செத்துக் கெடக்கும், அந்த வருசம் நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்கும். அப்போ சில பேரு இந்த உண்ணியப் பாத்துட்டு இதுதான் காரணம்னு மருந்தப் போட்டு மிச்சம் இருந்த ஈயயும் கொன்னாவ. அதனால அண்ணாச்சி, எது எதுன்னு தெரியுறது சும்மா படிப்புக்காரனுக்க வேலைன்னு நெனைக்காதீங்க.

திருவட்டார் தம்பி, அரைக்கப்பு ஈய, சுமார் முந்நூறு வரும், ராணி இல்லன்னு பாத்துட்டு வலைமூடி போட்ட பாட்டில்ல எடு, ரெண்டு ஸ்பூன் பொடிச்ச சீனி போட்டு உருட்டி வெள்ளக் காகிதத்துல தட்டு. உண்ணி உதிரும், ஈ சாகாது. அகலமா நண்டு மாதிரி இருந்தா வரோவா, நீளவாக்குல இருந்து விறுவிறுன்னு ஓடுச்சுன்னா ட்ரோப்பிலேலாப்ஸ். ரப்பர் துளிர் விடுற சீசனுக்கு முந்தியே செய், தேன் ஏறுன பொறவு எந்த மருந்தும் உள்ள போடக்கூடாது.

வெள்ளத்துணி:

அந்துப்பூச்சி பக்கம் நான் சொல்லுகேன், பத்து வருசமா பேச்சிப்பாறை ரோட்டுல வீட்டு வராந்தாவுல துணி கெட்டுறவன்.

தம்பி, உன்ன திருத்துனவரு சரியாத்தான் சொன்னாரு, சொல்லுற விதம்தான் சரியில்ல. அட்டாகஸ் பேரினம் முழுசயும் பெய்க்லர் 1989-ல மறுஆய்வு பண்ணுனாரு. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்கது அட்லஸ் இல்ல, 1883-ல மூர் பேரு வச்ச டாப்ரோபானிஸ். தப்ரபேன்னா பழைய கிரேக்கக்காரன் இலங்கைக்கு வச்ச பேரு, அதுல இருந்து வந்தது. வருசா வருசம் மழை முடிஞ்சதும் பேப்பர்ல 'அபூர்வ அட்லஸ் பட்டாம்பூச்சி, பொதுமக்கள் வியப்பு'ன்னு படம் வரும், அது பட்டாம்பூச்சியும் இல்ல அட்லஸும் இல்ல அபூர்வமும் இல்ல, நான் எழுதிப் போட்டு அலுத்துட்டேன்.

ஹாம்ப்சன் புக்கு நாலு பாகம், 1892-ல இருந்து 1896 வரைக்கும் வந்தது. அந்தாளு நீலகிரியில டீ எஸ்டேட் பாத்துட்டு இருந்தவரு. நூத்திச் சொச்சம் வருசத்துக்கு முந்தி அவ்வளவு பூச்சிய ஒரு சட்டத்துக்குள்ள அடுக்குனது பெரிய காரியம், நான் கும்பிடத்தான் செய்வேன், ஆனா அவரு ரொம்ப சேத்துக் கட்டுவாரு. றெக்கையில வரி கொஞ்சம் மாறுனாலும் 'இது அதேதான்'னு ஒரே பேருக்குள்ள தள்ளிருவாரு. பொறவு வந்தவங்க வயித்து நுனிய வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊறவச்சு, உள்ள இருக்க உறுப்ப வெளிய எடுத்துப் பாத்தா அந்த 'அதேதான்'ல மூணு நாலு இருக்கு. ஹார்ட்விக் 1965-ல ஹீலியோதிஸ்ல இருந்து ஹெலிகோவெர்பாவ தனியா எடுத்தது இப்படித்தான். அண்ணாச்சி காலேஜுக்கு அது வந்து சேர முப்பது வருசம் ஆனது வேற விஷயம். அண்ணாச்சிக்க ட்ரைப்போரைசாவும் அப்படித்தான். அதத் தனிப் பேரினமா வைக்க ஆதாரம் போதாதுன்னு ஸ்கிர்போஃபேகாவுக்குள்ள கொண்டுவந்துட்டாவ, 1981-ல லெவானிச் ஆசியா ஆப்பிரிக்கா பக்கத்து ஸ்கிர்போஃபேகா மொத்தத்தயும் பாத்து ஸ்பீசிஸ் குரூப்பா பிரிச்சாங்க, நம்ம குருத்துப்பூச்சி அதுல ஒரு கட்டு.

அதோட விடல. குருத்துப்பூச்சியும் அக்கா பெட்டியில வர்ற மெழுகுப்பூச்சியும் முன்ன பைராலிடேன்னு ஒரே குடும்பம். வயித்தடியில இந்தப் பூச்சிகளுக்குக் காது உண்டு, வவ்வால் சத்தம் கேக்க. அந்தக் காதோட அமைப்ப வச்சு ரெண்டா பிரிச்சாவ, குருத்துப்பூச்சி கிராம்பிடேக்குப் போச்சு, மெழுகுப்பூச்சி பைராலிடேயிலயே நின்னுது. உனக்க ஆர்க்டிடேயும் செத்துப்போவல, எரிபிடேங்குற பெரிய குடும்பத்துக்குள்ள ஆர்க்டினேன்னு துணைக்குடும்பமா இருக்கு, லைமான்ட்ரிடேன்னு இருந்த இன்னொரு பழைய குடும்பமும் அதே கூரைக்குள்ளதான். தரவாடு பெருசாயிட்டு, வீடு இடிக்கல.

பேரு மாறுறதுல கொஞ்சம் வெறும் சட்டமும் உண்டு, அத ஒத்துக்கிடணும். பழத்துல துளை போட்டுக் குடிக்கிற பூச்சி, பின்றெக்க மஞ்சளா கறுப்பு வளைவோட இருக்குமே, அத ஓத்ரியிஸ் ஃபுல்லோனியான்னு படிச்சிருப்ப. இப்ப யூடோசிமா ஃபலோனியா. ஃபலோனியா 1763, ஃபுல்லோனியா 1764. ஒரு வருசம் மூப்பு, அவ்வளவுதான். அண்ணன் பேருதான் நிக்கும். பேரு வச்சவருக்கும் வருசத்துக்கும் அடைப்புக்குறி போட்டிருந்தா அவரு முதல்ல வேற பேரினத்துல வச்சாருன்னு அர்த்தம், ஸ்போடோப்டெரா லிட்டூரா (ஃபாப்ரிசியஸ், 1775) மாதிரி. அந்தாளு நோக்டுவான்னுதான் வச்சாரு.

நாலுகால் தம்பிக்கிட்ட மட்டும் ஒரு சின்ன முறைப்பு. டிஎன்ஏ டிஎன்ஏன்னு ரொம்ப சொல்லிட்டீக. அந்துப்பூச்சியில பார்கோடுன்னு சொல்லுற, தாய்வழியா வர்ற 658 எழுத்து டிஎன்ஏ துண்ட வச்சு மட்டும் புது ஜாதின்னு கிளம்புறவங்கள பாத்தா எனக்கு ஆவாது. வொல்பாகியான்னு ஒரு பாக்டீரியா உள்ள இருந்தா தாய்வழி டிஎன்ஏவே தப்பான கதை சொல்லும்.

நாலுகால்பேன்:

அண்ணே, முறைப்பு ஞாயம்தான். நான் சொன்ன ரெண்டு இடத்துலயும் அளவோ உறுப்போ கூடவே பாத்திருக்காவ, தனியா டிஎன்ஏ மட்டும் இல்ல. ஆனா உங்க பூச்சிக்கு றெக்க உண்டு, வரி உண்டு, எனக்கு என்ன இருக்கு? தென்னையில மண்டரி பேன் கால் மில்லிமீட்டர்கூட வராது, செம்பேன் மாதிரி பேனுக்கெல்லாம் எட்டுக் காலு, இது குடும்பத்துக்கு நாலே நாலு, எனக்க பேரே அதுல இருந்துதான். புழு மாதிரி உடம்பு, நகத்துல இருக்க இறகுக்கு எத்தனை கதிருன்னு எண்ணி, பொட்டப் பேனுக்க உறுப்பு மூடியில எத்தனை கோடுன்னு எண்ணி அடையாளம் சொல்லணும். ஸ்லைடு கொஞ்சம் சாஞ்சா போச்சு. 1965-ல மெக்சிகோ குவெர்ரேரோவுல இருந்து கெய்ஃபர் பேரு வச்சாரு, 1998-ல எர்ணாகுளத்துல பாத்தாவ, அங்க இருந்து நம்ம விளைக்கு வர எவ்வளவு நேரம். ஒரு புக்குல எரியோஃபயஸ் குவெர்ரேரோனிஸ், இன்னொண்ணுல அசேரியா குவெர்ரேரோனிஸ். அது பேனு மாறுனதால இல்ல, எரியோஃபயஸ்ங்குற பேரு எந்தக் கட்டுக்குச் சொந்தம்னு பேன்காரங்களுக்குள்ள நடந்த வழக்கு. இப்ப அசேரியாதான். இந்த மாதிரி மாத்தத்துக்கு மட்டும் நாஞ்சில் அண்ணாச்சி ஏசுனா நான் வாயத் தொறக்க மாட்டேன்.

நாஞ்சில்வயல்:

சரிடே, ட்ரோப்பி என்னமோ சொன்னியே, அந்த ராணி அடைக்கிற சங்கதி, அது ஒண்ணுக்கு ஒத்துக்கிடுகேன். மண்டரி பேனுக்கு எந்தப் பேரு வச்சாலும் எனக்க தேங்கா சுருங்கித்தான் வருது, அது தனி.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன், புரோடீனியாவுக்குன்னு வாங்குற அந்த வைரஸ் கரைசல காய்ப்புழுவுக்கு அடிச்சு ஒண்ணும் ஆவலன்னு கடைக்காரன ஏசிட்டு வந்தவன் நான். ரெண்டும் புழுதானன்னு நெனச்சேன்.

வெள்ளத்துணி:

அண்ணாச்சி, அந்த வைரஸ் ஒவ்வொரு புழுவுக்கும் தனித்தனி. உங்க புரோடீனியா, அதான் லிட்டூரா, அதுக்குள்ளது காய்ப்புழு ஆர்மிஜெராவ தொடாது. கடைக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துருங்க.

திருவட்டார்மாடி:

எல்லாருக்கும் நன்றி, அக்கா சொன்ன மாதிரி சீனி போட்டு உருட்டிப் பாத்தாச்சு, ஒரு பெட்டியில ஒம்பது, இன்னொண்ணுல ரெண்டு, மத்ததுல ஒண்ணும் இல்ல. எல்லாம் அகலம்தான், நீளமா ஒண்ணும் ஓடல. அப்பா நோட்டுல ஜேக்கப்சோனிய வெட்டல, பக்கத்துலயே '2000-க்குப் பொறவு டெஸ்ட்ரக்டர்'னு அவரே எழுதிக்கிட்டாரு. அப்ப நான் தோக்கலல்லான்னு கேக்காரு.

எனக்க லிஸ்ட்டுல இனிமே பேருக்குப் பக்கத்துல எந்த வருசத்து மறுஆய்வு பாத்து எழுதுனேன்னும் குறிச்சு வைக்கப் போறேன். படத்துல பிரிக்க முடியாதத பேரினத்தோட நிறுத்திருவேன். வெள்ளத்துணி அண்ணே, அதுக்காக பூச்சி புடிச்சு வைக்கணுமா? கொல்ல மனசு வரல.

இன்னொண்ணு, அந்தப் பெரிய பூச்சி துணியிலயே சிவப்பும் பழுப்புமா முட்டை போட்டுட்டுப் போயிருக்கு, முப்பதுக்கு மேல இருக்கும். என்ன செய்ய?

வெள்ளத்துணி:

கொல்லாண்டாம். பல்படியில காலையில செத்துக் கெடக்கதே போதும், ஒரு தீப்பெட்டியில போட்டு தேதி, ஊரு, லைட்டு என்னன்னு எழுதி வை, என்னைக்காவது ஒருத்தனுக்கு உதவும். எழுத்து இல்லாத பூச்சி வெறும் குப்பை. காட்டுக்குள்ள போயி மட்டும் ஒண்ணும் எடுக்காத, அதுக்கு வனத்துறை அனுமதி வேணும்.

முட்டைய துணியோட அளவா வெட்டி ஒரு டப்பாவுல வை, வெயில் படாண்டாம். ஆண் கூடாம போட்டதுன்னா பொரியாது, ரெண்டு வாரம் பாத்துட்டு விட்டுரு. பொரிஞ்சா கருவா இலை, கொய்யா இலை வச்சுப் பாரு, எதைத் திங்குதுன்னு எழுதி வை. தாய்ப்பூச்சிக்கு சீனித்தண்ணி அது இதுன்னு வைக்காத, அதுக்கு வாயே கிடையாது.

தேன்பெட்டிஅக்கா:

ஒம்பது வந்த பெட்டிய மத்ததுல இருந்து தள்ளி வை தம்பி, அதுக்க அடையத் தூக்கி வேற பெட்டியில போட்டுராத. அப்பாகிட்டயும் சொல்லு.